சத்தமில்லாத நாலாம் பகுதி

கம்பெனியும் அந்த சிம்பொனியும் ஒரே வருஷத்தில் பிறந்தவை. இரண்டுக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். இங்கிலாந்தில் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு புண்ணியவான், எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்துக் கம்ப்யூட்டரில் அந்த வருஷத்தைத் தட்டிப் பார்த்திருக்கிறான். உலகப் போர் முடிந்த சூட்டோடு ஓர் ஆங்கிலேயர் எழுதிய சிம்பொனி வந்து விழுந்திருக்கிறது. உடனே வல்லம் வடகால் தொழிற்சாலைக்கு உத்தரவு வந்துவிட்டது, விழாவில் அதை வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று. ஒருமுறை முழுசாகக் கேட்டுப் பார்த்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டார்கள். கல்யாண வீட்டில் ஒப்பாரி வைக்க ஆள் கூப்பிடுகிற கதை அது.

ஹெச்.ஆர். அதிகாரி ரகுபதிக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை. சென்னையிலிருந்து ஓர் இசைக்குழுவைப் பேசி முடித்தார். அந்தக் குழுவில் ரெண்டாம் வயலின் வரிசையின் கடைசி நாற்காலியில் உட்காருகிறவன் நம் கம்பெனி பிரஸ் ஷாப் ஆள் என்று தெரிந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மறு வாரமே கேட்டில் ஒரு பேனர் ஏறியது. நீலச் சட்டையும் வயலினுமாக ஜெபகுமார் அதில் சிரித்துக்கொண்டு நின்றான். 'இரும்பிலும் இசை' என்று கீழே எழுதியிருந்தது.

ஜெபகுமார் பென்னலூர்க்காரன். சின்ன வயதில் கோயில் பாடகர் குழுவில் வயலின் பிடித்தவன், பிறகு கீழே வைக்கவில்லை. படித்த ஐ.டி.ஐ.க்குக் கிடைத்தது பிரஸ் ஷாப். பெரிய தகட்டை உள்ளே தள்ளினால் மேலிருந்து அச்சு இறங்கிக் கார்க் கதவாக அடித்து வெளியே தள்ளும். ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும். கல்யாணமான புதிதில் சேர்ந்தவன், மகள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், இன்னும் அதே பிரஸ், அதே அடி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு பஸ் பிடித்துச் சென்னைக்கு ஒத்திகைக்கு ஓடிவிடுவான். மனைவி சுகப்பிரியா அதற்காக முணுமுணுக்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

அந்த சிம்பொனியின் முதல் மூன்று பகுதிகள் அவனுக்கு உயிர். முதல் பகுதி எடுத்த எடுப்பிலேயே மேலே வந்து விழும், வணக்கம் கிணக்கம் ஒன்றும் கிடையாது. இரண்டாம் பகுதியில் ஒரு தட்டு வரும், ட-ட-டம் என்று. ட்ரம்பெட்டும் முரசும் அதைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது, வாசல் கதவைத் தட்டும் கடன்காரன் மாதிரி. மூன்றாவது பகுதியில் எல்லா வாத்தியமும் ஒன்றை ஒன்று துரத்தும். நடுவே ஒரு சாக்ஸபோன் வந்து எல்லோரையும் நையாண்டி செய்துவிட்டுப் போகும். "எங்க ஷாப்ப யாரோ நோட்ஸ் போட்டு எழுதினா மாதிரி கீது சார்" என்று குழுவை நடத்துகிற ஏசுவடியானிடம் சொன்னான். ஏசுவடியான் நாகர்கோவில் பக்கத்துக்காரர். பொதுவாகச் சிரிக்க மாட்டார், அன்று சிரித்தார்.

நாலாம் பகுதி வேறு ஜாதி. மூன்றாவது முடிந்து மூச்சு விடுவதற்குள் தொடங்கிவிடும். தொடங்கியது முதல் முடியும்வரை ரகசியம் பேசுகிற அளவுக்குத்தான் சத்தம். எங்கேயும் பெருகக் கூடாது என்று எழுதியவரே குறிப்பு வைத்திருக்கிறார். கடைசியில் தந்தி வாத்தியங்கள் மட்டும் இரண்டு சுரக்கூட்டங்களைப் போகவா இருக்கவா என்று மாற்றி மாற்றி வாசித்து, அப்படியே தேய்ந்து இல்லாமல் போகும். குண்டு போட்ட பிறகு மிஞ்சிய உலகம் இது என்று சிலர் சொன்னார்களாம். எழுதியவருக்கு அதைக் கேட்டுக் கோபம் வந்ததாம்.

நாலாம் பகுதியை முதன்முதலாக எடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஏசுவடியான் கையை மட்டும் அசைத்துப் பாடம் பார்க்கிறார் என்றுதான் ஜெபகுமார் நினைத்தான். சுற்றிலும் வில்கள் நகர்ந்தன, சத்தம் வரவில்லை. சும்மா வில்லை நகர்த்திப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று அவனும் நகர்த்தினான். திடீரென்று எல்லோரும் நிறுத்திவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன டே ஜெபம், உனக்கு மட்டும் தனிக் கச்சேரியா? எல்லாரும் மூச்சு விடுக மாதிரி வாசிக்காங்க, நீ மரம் அறுக்கிய?" என்றார் ஏசுவடியான்.

மறுபடி தொடங்கினார்கள். இந்தத் தடவை பக்கத்து நாற்காலிப் பெண்ணின் வில்லைப் பார்த்துப் பார்த்து வாசித்தான். மறுபடி நின்றது. ஏசுவடியானுக்கு ஏதோ பொறி தட்டியிருக்க வேண்டும். எல்லோரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணை மட்டும் நிறுத்திக்கொண்டார். ஜெபகுமாரைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். "இவ வாசிப்பா. நிறுத்துனதும் கையத் தூக்கு" என்றார்.

ஜெபகுமார் சுவரைப் பார்த்து நின்றான். காதுக்குள் எப்போதும் இருக்கும் அந்தக் கொய்ங் என்ற சத்தம் இருந்தது. அமைதி என்றால் இப்படித்தான் கேட்கும், எல்லோருக்கும் இப்படித்தான் கேட்கும் என்று அவன் பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கொய்ங்குக்குப் பின்னால் வயலின் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினான். தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால் அந்தப் பெண் வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, கண் கலங்கி நின்றுகொண்டிருந்தாள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனைக்கு ஒரு சின்ன அறை. தலையில் ஹெட்போனை மாட்டிக் கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள், சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். ஜெபகுமார் பழக்கதோஷத்தில் கண்ணாடி ஜன்னலைத் தேடினான். அங்கே ஜன்னல் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

இந்தப் பழக்கதோஷத்தைச் சொல்லியாக வேண்டும். கம்பெனியிலும் வருஷம் தவறாமல் காதுப் பரிசோதனை உண்டு. ஒரு வேன் வரும், அதற்குள் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு இருக்கும், வெளியே ராஜசேகர் என்ற டெக்னீசியன் உட்கார்ந்து சத்தம் அனுப்புவான். ஆரம்ப காலத்தில் இரண்டு பேருக்குக் காது குறைச்சல் என்று வந்தது. பிரஸ் ஷாப் அலவன்ஸ் போய், ஓ.டி. போய், கேண்டீனில் தட்டு கழுவப் போட்டார்கள். அடுத்த வருஷமே இருவரையும் காணோம். அதிலிருந்து ஷாப்பில் எல்லோரும் ஒரு வித்தை கற்றுக்கொண்டார்கள். ராஜசேகர் சத்தம் அனுப்பும்போது அவன் தோள் லேசாக அசையும், அதைப் பார்த்து அமுக்குவார்கள். கொஞ்ச நாளில் ராஜசேகரே புரிந்துகொண்டு, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தலையாட்ட ஆரம்பித்துவிட்டான். அவன் தலையாட்டுவான், இவர்கள் அமுக்குவார்கள். பிரஸ் ஷாப் முழுக்கக் குழந்தைக் காது என்று ரிப்போர்ட் போகும். இதில் யாருக்கும் குற்ற உணர்வு கிடையாது, ஜெபகுமாருக்கும் இல்லை.

அரசாங்க டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு உரக்கப் பேசினார். "போனது போனதுதான்பா, திரும்ப வராது. மிச்சம் கொஞ்சம் இருக்கு. அந்தச் சத்தத்துலருந்து வெளிய வந்தீன்னா அது தங்கும். அங்கயே நின்னீன்னா உன் பொண்ணு கூப்புடறது கூட கேக்காது."

மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். அதற்குப் பிரஸ்ஸை விட்டு வெளியே வர வேண்டும். ஜெபகுமாருக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஸ்டோர்ஸில் ஓர் இடம் காலி இருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரித் தாளை எடுத்துக்கொண்டு ரகுபதியிடம் போனான்.

ரகுபதி தாளைப் படிக்கவில்லை, ஜன்னல் வழியாகப் பேனரைப் பார்த்தார். "ஜெபகுமார், இதை இப்ப யார்கிட்டயும் காட்டாதீங்க. இங்கிலாந்துலருந்து பெரியவர் வரார். உங்க போட்டோவ அனுப்பி வெச்சிருக்கேன். நீங்க மேடைல இருக்கணும். ஃபங்ஷன் முடியட்டும், ஸ்டோர்ஸ் உங்களுக்குத்தான். என் வார்த்தை."

"சார், எனுக்கு நாலாவது பார்ட்டு கேக்கவே மாட்டுது சார். எப்டி வாசிக்கறது?"

"வாசிக்கணும்னு யார் சொன்னா? உக்காந்தா போதும்."

அதற்கும் வழி இருந்தது. ஏசுவடியான்தான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். வில்லில் இருக்கும் குங்கிலியத்தைத் துடைத்துவிட்டு உலர்ந்த சோப்பைத் தடவினால் தந்தியில் வழுக்கிக்கொண்டு போகும், சத்தம் வராது. நாடகங்களில் வாசிப்பதுபோல் நடிப்பவர்கள் செய்வது. "எனக்கு இது பிடிக்கல டே. ஆனா உன் பிழைப்பு இதுல மாட்டிக் கெடக்கே" என்றார். ஜெபகுமார் வீட்டில் குளியல் சோப்பை வில்லில் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்த சுகப்பிரியா ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டும் இவனுக்குத்தான் விழவில்லையோ என்னவோ.

விழா புதுக் கிடங்கில் நடந்தது. அன்று சாயங்காலம் பிரஸ்கள் நிறுத்தப்பட்டன. தீபாவளிக்குக்கூட நிற்காத பிரஸ்கள். இங்கிலாந்துப் பெரியவர் குடும்பத்தோடு முதல் வரிசையில் இருந்தார். தொழிலாளிகள் நடுவே இருக்க ஆசைப்பட்டாராம், அதனால் அவருக்கு நேர் பின்னால் பிரஸ் ஷாப் ஆட்களை நீலச் சட்டையில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் சாம்பல் சட்டையில் அசெம்ப்ளிக்காரர்கள். கடைசியில் பிரியாணிப் பொட்டலங்கள் மலையாகக் குவிந்திருந்தன.

முதல் மூன்று பகுதிகள் ஜோராகப் போயின. ட-ட-டம் வந்தபோது நீலச் சட்டைகள் காலால் தாளம் போட்டன. ஜெபகுமாருக்குக் கேட்கிற பகுதிகள் இவை. வருஷக்கணக்காக வாசித்த கை. ஆனால் சோப்பு தடவிய வில் தந்தி மேல் வழுக்கிக்கொண்டு போனது. கையை ஆட்டினான், வியர்த்தான், ஊமையாக உட்கார்ந்திருந்தான்.

நாலாம் பகுதி தொடங்கியது. அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்து வில்லைப் பார்த்துத் தன் வில்லை நகர்த்தினான். பார்வை தற்செயலாகக் கீழே போனது. இங்கிலாந்துப் பெரியவர் கண்ணை மூடியிருந்தார். அசெம்ப்ளி ஆட்கள் அசையாமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நீலச் சட்டை வரிசையில் அவனோடு ஒரே பிரஸ்ஸில் நிற்கும் கோதண்டம் இடமும் வலமும் திரும்பிப் பார்த்தான். முடிந்துவிட்டது என்று முடிவு செய்தான். கைதட்டினான்.

அவ்வளவுதான். பிரஸ் ஷாப் முழுக்கக் கைதட்டியது. விசில் அடித்தார்கள். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள், பிரியாணியைப் பார்த்துத் திரும்பினார்கள். "ஜெபா! சூப்பரு மச்சி! கலக்கிட்ட!" என்று கோதண்டம் கையை ஆட்டினான். மேடையில் எல்லா வில்லும் நகர்ந்துகொண்டிருந்தது. ஏசுவடியானின் முதுகு விறைத்தது, ஆனாலும் கையை நிறுத்தவில்லை. முதல் வரிசையில் இருந்த விருந்தாளிகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பின்னால் இருந்தவர்கள் உஸ் உஸ் என்றார்கள். அந்த உஸ்ஸும் நீலச் சட்டைகளுக்குக் கேட்கவில்லை.

அங்கே இருந்த அத்தனை பேரிலும் நடப்பது இன்னதென்று புரிந்தது ஜெபகுமார் ஒருவனுக்குத்தான். ஒரு ஷாப்பே எழுந்து நின்று எங்களுக்குக் காது போய்விட்டது என்று சொல்கிறது. பார்க்கிறவர்களுக்கு நாகரிகம் தெரியாத கூட்டமாகத் தெரிகிறது. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரகுபதி ஓடி வந்து கையைக் காட்டி அவர்களை உட்கார வைத்தார். பிறகு ஓரமாக, அவர்கள் கண்ணில் படும்படி நின்றுகொண்டார். வில்கள் நின்ற பிறகும் ஏசுவடியான் கையை இறக்காமல் வெகுநேரம் வைத்திருந்தார். அவர் இறக்கியதும் ரகுபதி நீலச் சட்டைகளைப் பார்த்துத் தலையாட்டினார். அவர்கள் கைதட்டினார்கள். அந்த வித்தையில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

இங்கிலாந்துப் பெரியவர் மேடையேறி ஜெபகுமாரின் கையைக் குலுக்கினார். அடுத்த தடவை உங்கள் நண்பர்களுக்கு எப்போது கைதட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள் என்று ஏதோ தமாஷாகச் சொன்னார். ரகுபதி அதைத் தமிழில் உரக்கச் சொல்லிச் சிரித்தார். ஜெபகுமார் சிரிக்கவில்லை. ஸ்டோர்ஸ் நினைவுக்கு வந்தது, ரகுபதியின் முகமும் எதிரேதான் இருந்தது. இருந்தும் தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டான். அவர்களுக்குக் கேட்கவில்லை ஐயா. எனக்கும் கேட்கவில்லை. பிரஸ்ஸில் நின்று நின்று போய்விட்டது. இந்த வில்லைத் தொட்டுப் பாருங்கள், சோப்பு.

பெரியவர் வில்லைத் தொட்டார், விரலை முகர்ந்தார். அவர் ஊரில் இதெல்லாம் கோர்ட்டுக்குப் போகிற சமாசாரம். பிரஸ் ஷாப் ஆட்கள் அத்தனை பேருக்கும் உடனே புதிதாகப் பரிசோதனை செய்து தனக்கு அனுப்ப வேண்டும் என்று ரகுபதியிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அன்று ஜெபகுமார் பிரியாணிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக வீடு திரும்பினான். அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது, பாவம்.

மறுநாள் கம்பெனி பஸ் நிறுத்தத்தில் கோதண்டம் பிடித்துக்கொண்டான். பின்னால் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள்.

"உன்ன யார்டா சொல்லச் சொன்னா? நீ பெரிய வாத்தியக்காரன், உன் காது உனுக்கு முக்கியம். எங்கள ஏன்டா இஸ்த்து வுடற?"

"இல்ல கோதண்டம், கேளு. எல்லாரும் ஒரே ஒரு தடவ அமுக்காம இருந்துட்டா போதும். அத்தினி பேரையும் வூட்டுக்கு அனுப்ப முடியாது. மிஷினுக்கு மறைப்பு கட்டுவாங்க, ஆள மாத்தி மாத்திப் போடுவாங்க. மிச்சம் இருக்கறதாவது தங்கும்பா."

"இன்னா தங்கும்? செவுடுன்னு எழுதிட்டா அடுத்த வாரமே காண்ட்ராக்ட்டுல வேற பசங்கள உள்ள வுடுவான். எங்க நெலத்துலதான் அந்த பிரஸ்ஸே நிக்குது, தெரிமா உனுக்கு? அதுக்குத்தான் இந்த வேலைய குடுத்தான். இதையும் வுட்டுட்டு எங்க போறது?"

ஜெபகுமார் கையெடுத்துக் கும்பிட்டான். கோதண்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பஸ் வந்தபோது, "சரி, பாக்கலாம்" என்றான். அதை ஜெபகுமார் அவன் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டான். அந்த ஒரு வார்த்தையை நம்பினான்.

வேன் வந்தது. அதே வேன், அதே கூண்டு, அதே ராஜசேகர். ஜெபகுமார் ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு, பட்டனைக் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். ராஜசேகர் தலையாட்டினான். ஜெபகுமார் அமுக்கவில்லை. மறுபடி ஆட்டினான். பிறகு கண்ணாடியைத் தட்டி, நன்றாகத் தெரியும்படி ஆட்டினான். ஜெபகுமார் கண்ணை மூடிக்கொண்டு, உண்மையிலேயே கேட்டதற்கு மட்டும் அமுக்கினான். அதிகம் அமுக்க வேண்டியிருக்கவில்லை.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதை ரகுபதியின் அறையில்தான் தெரிந்துகொண்டான்.

ரகுபதி அன்பாகவே உட்காரச் சொன்னார். கம்பெனி டாக்டரும் இருந்தார். "பிரஸ் ஷாப் மொத்தமும் நார்மல்" என்றார் ரகுபதி. "கோதண்டம் உள்பட. உங்க ஒருத்தருக்குத்தான் ப்ராப்ளம். சத்தம்தான் காரணம்னா எல்லாருக்கும் வந்திருக்கணும் இல்லையா? டாக்டருக்கு அதுதான் டவுட்டா இருந்தது."

டாக்டர் கேட்டார்: "இடது காது கொஞ்சம் கூடுதலா போயிருக்கு. வயலின எந்தப் பக்கம் வெச்சு வாசிப்பீங்க?"

ஜெபகுமாரின் கை தானாகவே இடது தோளுக்குப் போனது.

"அதான்" என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு ரகுபதி பேசியது நீளமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து காதுக்குப் பக்கத்திலேயே வைத்து வாசித்தால் இப்படித்தான் ஆகும். இது சொந்தப் பொழுதுபோக்கால் வந்தது, வேலையால் வந்தது இல்லை, எனவே ஸ்டோர்ஸுக்கு மாற்ற விதியில் இடமில்லை. ரிப்போர்ட் இங்கிலாந்துக்குப் போய்விட்டது, பெரியவருக்குத் திருப்தி. கடைசியாக எழுந்து வந்து தோளைத் தட்டினார். "உங்க மேல இருக்கற அக்கறைல சொல்றேன் ஜெபகுமார். மிச்சம் இருக்கற காதக் காப்பாத்திக்கணும்னா வயலின விட்டுடுங்க."

கேட்டில் பேனரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஷாப் நோட்டீஸ் போர்டில், இசைக் கருவி வாசிக்கும் ஊழியர்கள் செவி நலனில் கவனமாக இருக்கும்படி ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஜெபகுமார் அதைப் படித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனான்.

கோதண்டம் ஏற்கெனவே எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தான். இவன் முகத்தைப் பார்க்கவில்லை. இருவரும் தகட்டைத் தூக்கி உள்ளே தள்ளினார்கள். அச்சு இறங்கியது, தரை அதிர்ந்தது. அடுத்த தகடு போனது. அதற்கும் அடுத்ததைத் தூக்கும்போது கோதண்டம் நிமிர்ந்து அவனைப் பார்த்து ஏதோ சொன்னான். கண் சிவந்திருந்தது. கொஞ்சம் நீளமாகவே சொன்னான். மன்னிப்புக் கேட்டானா, திட்டினானா, மகள் கல்யாணத்துக்கு அழைத்தானா, ஒன்றும் விழவில்லை. சொல்லி முடித்துவிட்டுப் பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜெபகுமார் தலையாட்டினான்.